ரோஸ் மகளுக்குக் கொடுத்த சாக்குப்பையும், உங்கள் நண்பர் மகனுக்குச் சொல்லும் பாடமும்

அட்லாண்டாவில் வேலை பார்க்கும் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. அவருடைய அலுவலக நண்பர் கறுப்பினத்தவர். அந்த நண்பரின் வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தபோது, பன்னிரண்டு வயது மகனிடம் அவர் நடந்துகொண்ட விதம் இவருக்கு உறுத்தலாக இருந்திருக்கிறது. கடைக்குக் கிளம்பிய பையனை நிறுத்தி, தலையை மூடியிருந்த ஹூடியை இறக்கச் சொல்லி, கையை பாக்கெட்டில் விடாதே, ரசீது வாங்காமல் வெளியே வராதே என்று சொல்லி, அதையெல்லாம் அவன் வாயாலேயே திருப்பிச் சொல்ல வைத்தாராம். "அடிமை முறை அவர்களுடைய குடும்ப அமைப்பையே அழித்துவிட்டது என்று படித்திருக்கிறேன். அப்படியிருக்க, தலைமுறை தலைமுறையாக அன்பு எப்படிக் கைமாறி வந்திருக்கும்? இல்லை, இந்தக் கண்டிப்பு மட்டும்தான் மிஞ்சியதா?" என்று முடித்திருக்கிறார்.

கண்டிப்பைப் பற்றிய கேள்வியாகத் தெரிந்தாலும், நீங்கள் உண்மையில் கேட்பது வேறு என்று நினைக்கிறேன். எந்த நாளும் பிரிக்கப்படலாம் என்ற நிலையில் வாழ்ந்த மக்கள், தங்கள் பிள்ளைகள் கையில் எதைக் கொடுத்துவிட்டுப் போக முடிந்தது என்பதுதான் கேள்வி. நான் ஜார்ஜியாவில் ஒரு பொது நூலகத்தின் வம்சாவளிப் பிரிவில் பதினாறு வருடமாக வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் பாளையங்கோட்டை. எங்களைத் தேடி வருகிறவர்களில் பாதிக்கு மேல், பாட்டன் பூட்டனின் பெயரைத் தேடி வரும் கறுப்பினக் குடும்பங்கள். நான் அவர்களில் ஒருத்தி இல்லை. மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்தவள், அவ்வளவுதான். ஆவணங்களைப் பற்றி நம்பிக்கையோடு பேச முடியும். வீட்டுக்குள் நடப்பதைப் பற்றி நான் சொல்வதைவிட உங்கள் நண்பர் சொல்வதற்கே எடை அதிகம்.

முதலில் நீங்கள் படித்த அந்த வரியை எடுத்துக்கொள்வோம். அதில் பாதி உண்மை. 1808ல் வெளிநாட்டிலிருந்து அடிமைகளைக் கொண்டுவருவதற்கு அமெரிக்கச் சட்டம் தடை போட்டது. உள்நாட்டு விற்பனையோ அதற்கப்புறம்தான் பெருகியது. வர்ஜீனியா, மேரிலாந்து பக்கம் புகையிலை நிலம் சோர்ந்துபோக, அலபாமா, மிசிசிப்பி, லூசியானா பக்கம் பருத்தி கொழித்தது. 1790க்கும் 1860க்கும் இடையில் சுமார் 10 லட்சம் பேர் இப்படித் தெற்கே கொண்டுபோகப்பட்டார்கள். நடந்தும், கப்பலிலும், பலர் சங்கிலியில் பிணைக்கப்பட்டும். அடிமைகளின் திருமணத்துக்குச் சட்டத்தில் மதிப்பு கிடையாது. தாய் அடிமை என்றால் பிள்ளையும் அடிமை. எஜமான் செத்தால் சொத்துப் பிரிவினையில் பிள்ளைகள் பிரிவார்கள். அவன் கடன்பட்டால் விற்பனையில் பிரிவார்கள். வர்ஜீனியா போன்ற மாநிலங்களில் முதல் திருமணங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று விற்பனையால் முறிந்தது என்று வரலாற்றாசிரியர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள்.

இன்னொரு அழிப்பும் நடந்தது. அது காகிதத்தில் நடந்தது. 1850, 1860 மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளில் அடிமைகளுக்கெனத் தனிப் பட்டியல் உண்டு. எஜமான் பெயர் எழுதப்பட்டிருக்கும். அதன் கீழே வயது, ஆணா பெண்ணா, நிறம் என்ற மூன்றும் வரிசையாக இருக்கும். பெயர் இருக்காது. 1860ல் ஏறத்தாழ 40 லட்சம் மனிதர்கள் இப்படி எண்களாக நிற்கிறார்கள். விடுதலைக்குப் பிறகு நடந்த 1870 கணக்கெடுப்பில்தான் முதல்முறையாக அவர்களுடைய பெயரும் ஊரும் தொழிலும் வருகின்றன. எங்கள் துறையில் இதை '1870 சுவர்' என்று சொல்வோம். உற்சாகமாகத் தேடிக்கொண்டு வருகிறவர்கள் அந்த வருடத்தில் வந்து முட்டிக்கொண்டு, கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருப்பதை வாரத்துக்கு ஒருமுறையாவது பார்க்கிறேன்.

சரி, மற்ற பாதிக்கு வருவோம். குடும்பம் முறிக்கப்பட்டது என்பதிலிருந்து, குடும்பம் என்ற எண்ணமே அழிந்துபோனது என்ற முடிவுக்குத் தாவியவர்கள் உண்டு. 1965ல் அமெரிக்கத் தொழிலாளர் துறையில் இருந்த டேனியல் பேட்ரிக் மொய்னிஹன் எழுதிய அறிக்கை அந்த எண்ணத்துக்கு அரசாங்க முத்திரை குத்தியதுபோல் ஆகிவிட்டது. கறுப்பினக் குடும்பம் பலவீனப்பட்டதன் வேர் அடிமை முறையில் இருக்கிறது என்றது அது. அதற்குப் பதிலாகப் பலர் எழுதினார்கள். நான் அதிகம் சாய்வது வரலாற்றாசிரியர் ஹெர்பர்ட் கட்மன் 1970களில் செய்த வேலையின் பக்கம். தோட்ட முதலாளிகள் கால்நடைக் கணக்கோடு சேர்த்து எழுதி வைத்த பிறப்புப் பதிவேடுகளை எடுத்து, யார் யாருக்கு என்ன பெயர் வைத்தார்கள் என்று அவர் வரிசைப்படுத்தினார். மகனுக்கு அப்பா பெயர், தாத்தா பெயர், இறந்துபோன அண்ணன் பெயர் என்று திரும்பத் திரும்ப வந்தது. முக்கியமாக, மகளுக்கு அம்மா பெயர் வைப்பதைவிட மகனுக்கு அப்பா பெயர் வைப்பது அதிகமாக இருந்தது. பிள்ளை பெரும்பாலும் தாயோடுதான் இருக்கும், விற்கப்பட்டால் முதலில் காணாமல் போவது தகப்பன்தான் என்பது அவர்களுக்குத் தெரியும். அதனால் தகப்பனைப் பெயரில் கட்டி வைத்தார்கள். பலர் எஜமானுக்குத் தெரியாமல் தங்களுக்கென்று ஒரு குடும்பப் பெயரையும் வைத்துக் காப்பாற்றியிருக்கிறார்கள். 1870ல் கணக்கெடுப்பாளர் கேட்டதும் கடைசி எஜமானின் பெயரைச் சொல்லாமல் வேறொரு பெயரைச் சொன்ன குடும்பங்களைப் பார்த்தால், அந்தப் பெயர் அதற்கு முன்பே வீட்டுக்குள் இருந்திருக்கிறது என்று எங்களுக்குப் புரியும். தேடலில் அதுவே பெரிய துப்பு.

அதேபோல் 1880 முதல் 1960 வரைக்குமான கணக்கெடுப்புகளில் பெரும்பான்மையான கறுப்பினக் குழந்தைகள் தாய் தகப்பன் இருவரோடும்தான் வாழ்ந்தார்கள். ஆகவே தாய் மட்டும் வளர்க்கும் குடும்பங்கள் பெருகிய இன்றைய நிலைக்கு நேராக அடிமை முறையை மட்டும் காரணம் காட்டுவது பொருந்தாது. இடையில் நூறு வருடம் நிற்கிறது. 1960களுக்குப் பிந்தைய மாற்றத்துக்குத் தொழிற்சாலை வேலைகள் போனது, சிறைத் தண்டனைகள் பெருகியது, திருமணம் பற்றிய எண்ணம் நாடு முழுக்கவே மாறியது எனப் பல காரணங்கள் சொல்லப்படுகின்றன. எது எவ்வளவு என்பதில் அறிஞர்களுக்குள் இன்னும் வழக்கு தீரவில்லை.

பதிவேடு என்ன கைமாறியது என்று காட்டும். எப்படி என்று காட்டாது. அதற்கு நான் எப்போதும் சொல்வது ஒரு சாக்கைப் பற்றி. 2007ல் டென்னசியில் ஒரு பழைய பொருள் சந்தையில், கந்தல் துணிகளுக்கு நடுவே ஒரு பழைய பருத்திச் சாக்கு கிடைத்தது. நம்மூர் தானியச் சாக்கு மாதிரிதான். அதில் ஒட்டுப் போட்ட இடங்கள் இருந்தன. அடிப்பக்கத்தில் நூலால் பத்து வரி தைக்கப்பட்டிருந்தது. என் கொள்ளுப்பாட்டி ரோஸ், ஆஷ்லியின் தாய், தென் கரோலினாவில் ஆஷ்லி ஒன்பது வயதில் விற்கப்பட்டபோது இந்தச் சாக்கைக் கொடுத்தாள் என்று அது தொடங்குகிறது. உள்ளே ஒரு கிழிந்த கவுன், மூன்று கைப்பிடி பீக்கன் கொட்டை, ரோஸின் தலைமுடியில் ஒரு பின்னல். இதில் என் அன்பு எப்போதும் நிறைந்திருக்கும் என்று சொல்லிக் கொடுத்தாள். அதற்கப்புறம் அவளை ஒருபோதும் பார்க்கவில்லை. ஆஷ்லி என் பாட்டி. ரூத் மிடில்டன், 1921. அவ்வளவுதான் எழுதியிருக்கிறது.

இதில் எது உறுதி, எது ஊகம் என்று சொல்லிவிடுகிறேன். சாக்கும் அந்த வரிகளும் உறுதி. தைத்த ரூத், தென் கரோலினாவிலிருந்து பிலடெல்ஃபியாவுக்குக் குடிபெயர்ந்தவர் என்பதும் ஆவணங்களில் இருக்கிறது. ரோஸ், ஆஷ்லி யார் என்பது தேடிக் கண்டுபிடித்த ஊகம். 1850களின் தொடக்கத்தில் இறந்த ராபர்ட் மார்ட்டின் என்ற சார்ல்ஸ்டன் பணக்காரரின் சொத்துப் பட்டியலில் ரோஸ் 700 டாலர், ஆஷ்லி 300 டாலர் என்று இரண்டு பெயர்கள் இருக்கின்றன. ரோஸ் என்ற பெயர் அந்தக் காலத்தில் ஏராளம், ஆஷ்லி என்பதோ மிக அரிது. இரண்டும் ஒரே சொத்தில் சேர்ந்து வருவதால், இவர்களாகத்தான் இருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைக்கிறேன், ஆனால் அடித்துச் சொல்ல மாட்டேன்.

அந்தச் சாக்குக்குள் இருந்ததை மறுபடியும் பாருங்கள். கவுன், மாற்றிக்கொள்ளவும் குளிருக்குப் போர்த்திக்கொள்ளவும். பீக்கன் கொட்டை, வழியில் பசிக்கு. கெட்டுப்போகாது, கைக்கு அடங்கும், குழந்தை தானே உடைத்துத் தின்னலாம். முடிப் பின்னல், அம்மாவின் உடம்பிலிருந்து எடுத்துக் கொடுக்கக்கூடிய ஒரே பொருள். அப்புறம் ஒரு வாக்கியம். ஒரு தாய்க்கு ஒரு பொழுதோ ஒரு ராத்திரியோ அவகாசம் இருந்திருக்கும். அதற்குள் இனிமேல் வாழ்க்கை முழுக்கத் தான் செய்ய வேண்டியதை ஒரு சாக்குக்குள் திணித்திருக்கிறாள். உங்கள் நண்பர் மகனை வாசலில் நிறுத்திச் செய்ததைப் படித்தபோது எனக்கு இதுதான் நினைவுக்கு வந்தது. நான் கூட இருக்க முடியாத இடத்துக்கு நீ போகிறாய், அங்கே உனக்கு எது தேவைப்படும்? இந்தக் குடும்பங்களில் பிள்ளை மேல் வைத்த பாசத்துக்கு இந்த உருவம்தான் அதிகம் அமைந்தது என்பது என் எண்ணம். பாசம் ஒரு பக்கம், பாடம் ஒரு பக்கம் என்று பிரித்து வைக்க அவர்களுக்கு நேரம் இருந்ததில்லை.

விடுதலை வந்ததும் மக்கள் முதலில் என்ன செய்தார்கள் என்பதும் நிறையச் சொல்கிறது. தேடினார்கள். கால்நடையாக மாநிலம் விட்டு மாநிலம் போய்த் தேடினார்கள். பத்திரிகைகளில் விளம்பரம் கொடுத்தார்கள். நியூ ஆர்லியன்ஸிலிருந்து வந்த ஒரு மெதடிஸ்ட் கிறிஸ்தவப் பத்திரிகையில் 'தொலைந்த நண்பர்கள்' என்றே ஒரு பகுதி இருந்தது. சந்தாதாரர்களுக்கு இலவசம், மற்றவர்களுக்கு விளம்பரத்துக்கு 50 சென்ட். போதகர்கள் அதை ஞாயிற்றுக்கிழமை சபையில் வாசித்துச் சொல்ல வேண்டும் என்று பத்திரிகையே கேட்டுக்கொண்டது. படிக்கத் தெரியாதவர்களின் காதுக்கும் எட்ட வேண்டுமே. 1870களின் கடைசியிலிருந்து 1900 வரை அந்த விளம்பரங்கள் வந்துகொண்டே இருந்தன. விடுதலை கிடைத்து 35 வருடம் கழித்தும் தேடியிருக்கிறார்கள். என் அம்மா பெயர் இன்னது, எங்களை வைத்திருந்தவன் பெயர் இன்னது, இன்ன வருடம் இன்னாருக்கு விற்றார்கள், எனக்கு அப்போது ஏழு வயது, அண்ணன் தம்பி பெயர்கள் இவை என்று ஒரே மூச்சில் எழுதியிருப்பார்கள். ஏழு வயதில் பிரிந்த பிள்ளை அறுபது வயதில் இத்தனை பெயரைத் தப்பில்லாமல் சொல்கிறது என்றால், யாரோ அந்தப் பெயர்களை அதன் மனதில் பதிய வைத்திருக்கிறார்கள். தேடியவர்களில் மிகச் சிலருக்கே ஆள் கிடைத்ததாக ஆவணம் இருக்கிறது. அதையும் சொல்லியாக வேண்டும்.

இப்போது உங்களை உறுத்திய அந்த வாசல் காட்சிக்கு வருகிறேன். அங்கே 'தி டாக்' என்ற இரண்டு சொல்லில் எல்லாருக்கும் புரிந்துவிடும். 'அந்தப் பேச்சு' என்று வைத்துக்கொள்ளுங்கள். காரை போலீஸ் நிறுத்தினால் இரண்டு கையும் ஸ்டியரிங் மேல் இருக்க வேண்டும், சட்டெனக் குனியக் கூடாது, லைசென்ஸை எடுக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு எடுக்க வேண்டும், குரல் உயரக் கூடாது, நியாயம் உன் பக்கம் இருந்தாலும் அங்கே வாதாடாதே, உயிரோடு வீட்டுக்கு வா, மற்றதை நாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பத்துப் பன்னிரண்டு வயதில் தொடங்கி, ஓட்டுநர் உரிமம் வாங்கும்போது மறுபடியும் நடக்கும். இதோடு இன்னொன்றும் சேர்ந்து வரும்: மற்றவர்களுக்குக் கிடைப்பதில் பாதி கிடைக்க வேண்டுமென்றால் நீ இரண்டு மடங்கு நன்றாகச் செய்ய வேண்டும். இதைச் சொல்லாத பாட்டியை நான் சந்தித்ததில்லை.

இது இன்றைக்கு வந்த பேச்சு இல்லை. 1955 ஆகஸ்டில், சிகாகோவில் வளர்ந்த 14 வயது எம்மெட் டில் கோடை விடுமுறைக்கு மிசிசிப்பியில் இருந்த பெரிய தாத்தா மோசஸ் ரைட் வீட்டுக்குக் கிளம்பினான். அவன் அம்மா மேமி, மிசிசிப்பியில் பிறந்து சின்ன வயதிலேயே வடக்கே வந்தவர். தெற்கில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று உட்காரவைத்துச் சொன்னார். வெள்ளைக்காரர்களிடம் பணிவாகப் பேசு, தேவைப்பட்டால் முழங்கால் போட்டுக்கூட மன்னிப்புக் கேள் என்று சொன்னதாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். புறப்படும்போது அவனுடைய அப்பாவின் மோதிரத்தை அவனிடம் கொடுத்தார். இராணுவத்தில் இருந்தபோது இறந்துபோன அப்பா லூயி டில்லின் மோதிரம், 'எல்.டி.' என்று பொறித்திருக்கும். ஆகஸ்ட் 28 விடியுமுன் அந்தப் பையனைத் தூக்கிக்கொண்டு போய்க் கொன்றார்கள். ஆற்றிலிருந்து எடுத்த உடலில் முகம் முகமாக இல்லை. விரலில் இருந்த அந்த மோதிரத்தை வைத்துத்தான் அடையாளம் கண்டார்கள். தாய் சவப்பெட்டியைத் திறந்தே வைக்கச் சொன்னார். அறுபது வயதைத் தாண்டிய மோசஸ் ரைட், அந்த ஊர் நீதிமன்றத்திலேயே எழுந்து நின்று, தன் வீட்டுக்கு வந்த வெள்ளைக்காரனைக் கைநீட்டிக் காட்டினார். முழுக்க வெள்ளையர் அடங்கிய ஜூரி ஒரு மணி நேரம் கொஞ்சம் கூடுதலாகப் பேசிவிட்டு, குற்றம் சாட்டப்பட்ட இரண்டு பேரையும் விடுவித்தது. அப்பாவிடமிருந்து மகனுக்கு வந்த ஒரு மோதிரம் எதற்குப் பயன்பட்டது என்பதை நினைத்தால் இத்தனை வருடத்துக்குப் பிறகும் எனக்கு நெஞ்சு அடைக்கிறது. பாடம் சொல்லியும் பிள்ளையைக் காப்பாற்ற முடியவில்லை. பாடம் போதாது என்று தெரிந்தேதான் அன்றிலிருந்து இன்றுவரை கறுப்பினத் தாய் தகப்பன்மார் அதைச் சொல்கிறார்கள். உங்கள் நண்பர் குரலில் நீங்கள் கேட்ட கடுமை பெரும்பாலும் பயமாகத்தான் இருக்கும்.

பயத்தை மறைத்துக் கொடுத்த பாடங்களும் உண்டு. தனி உணவறை, தனிப் பெட்டி என்று சட்டம் இருந்த காலத்தில் தெற்கே ரயிலிலோ காரிலோ போகிற குடும்பங்கள் செருப்பு டப்பாவில் சாப்பாடு கட்டிக்கொண்டு போவார்கள். எண்ணெய் ஊறாமல் மெழுகுத்தாள் விரித்து, பொரித்த கோழி, அவித்த முட்டை, ரொட்டி, கேக் துண்டு. வழியில் கறுப்பருக்குச் சாப்பாடு போடாத ஹோட்டல்களே அதிகம் என்பதுதான் காரணம். பிள்ளைகளிடம் அதை யாரும் சொல்ல மாட்டார்களாம். ஹோட்டல் சாப்பாடு யாருக்கு வேண்டும், அம்மா சமையல் மாதிரி வருமா என்பார்களாம். எங்கள் நூலகத்துக்கு வரும் எண்பது வயதுக்காரர் ஒருவர், தான் வேலைக்குப் போன பிறகுதான் அந்த டப்பாவின் காரணம் புரிந்தது என்றார். "அதுவரைக்கும் எங்களை மாதிரி யோகக்காரர்கள் யாரும் இல்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்" என்றார்.

யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்றால், பெற்றவர்கள் மட்டும் இல்லை. ரத்த உறவில்லாத 'ஆண்டி', கூட விளையாடி வளர்ந்ததாலேயே கசினாகிவிட்ட 'ப்ளே கசின்', சபையில் மூத்த பெண்களான 'சர்ச் மதர்' எல்லாரும் பிள்ளையைக் கண்டிக்கவும் ஊட்டவும் உரிமை உள்ளவர்கள். விற்பனை நடந்த காலத்தில் தனியாக வந்து இறங்கிய பிள்ளைக்கு அங்கிருந்த யாரோ ஒருத்தி தாயாக வேண்டியிருந்தது. இன்றைய பழக்கத்தின் வேர் அதில் இருக்கிறது என்கிறார்கள் பலர். மேற்கு ஆப்பிரிக்கக் கூட்டுக் குடும்ப வழக்கம் என்கிறார்கள் சிலர். இரண்டும் சேர்ந்தே இருக்கலாம். 1910க்கும் 1970க்கும் இடையில் சுமார் 60 லட்சம் பேர் தெற்கைவிட்டு சிகாகோ, டெட்ராய்ட், நியூயார்க் என்று போனபோது, பிள்ளைகளைக் கோடை முழுக்கத் தெற்கே பாட்டி வீட்டுக்கு அனுப்பும் வழக்கம் நிலைத்தது. அவரைக்காய் ஆய்வது, கோழிக்குத் தீனி போடுவது, யார் கல்லறை எங்கே என்று தெரிந்துகொள்வது எல்லாம் அங்கேதான்.

தலை பின்னுவதைச் சொல்லாமல் விட முடியாது. சனிக்கிழமை சாயங்காலம், மறுநாள் ஆராதனைக்காக, அம்மாவோ பாட்டியோ நாற்காலியில் உட்கார, பெண்பிள்ளை தரையில் அவள் முழங்கால்களுக்கு நடுவில். சீப்பின் வாலால் வகிடு எடுத்து, உச்சந்தலையில் எண்ணெய்ப் பசை தடவி, தோலோடு ஒட்டினாற்போல் வரிசையாகப் பின்னுவார்கள். அடுப்பில் சூடேற்றிய இரும்புச் சீப்பு என்றால் "காதைப் பிடிச்சுக்கோ" என்ற எச்சரிக்கை வரும். பிடரியில் சுருண்டு கிடக்கும் முடிக்கு 'கிச்சன்' என்றே பெயர். இரண்டு மூன்று மணி நேரம் பிள்ளை எழுந்து ஓட முடியாது. குடும்பக் கதை முக்கால்வாசி அப்போதுதான் கைமாறும். எங்களிடம் வரும் பெண்களிடம் "இது உங்களுக்கு யார் சொன்னது?" என்று கேட்டால், பாதிப்பேர் "தலை பின்னும்போது பாட்டி சொன்னது" என்பார்கள்.

அப்பாக்கள் இல்லாத சமூகம் என்ற பேச்சும் உங்கள் காதில் விழுந்திருக்கும். இன்று கறுப்பினக் குழந்தைகளில் பத்தில் ஏழு பேர் திருமணமாகாத தாய்க்குப் பிறக்கிறார்கள் என்பது உண்மை. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2013ல் வெளியிட்ட ஆய்வும் உண்மை: ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையோடு ஒரே வீட்டில் இருக்கும் கறுப்பின அப்பாக்களில் 70% பேர் தினமும் குளிப்பாட்டுவது, டயப்பர் மாற்றுவது, உடுத்திவிடுவது போன்றவற்றைச் செய்கிறார்கள், வெள்ளையரில் 60%. திருமணப் பதிவையும் தகப்பன் பிள்ளை உறவையும் ஒன்றாக்கிப் பேசுவதால் வரும் குழப்பம் இது.

எவ்வளவு தூரம் ஒரு பாடம் பயணம் போகும் என்பதற்கு எங்கள் மாநிலத்திலேயே ஒரு சம்பவம் உண்டு. சவானாவுக்குத் தெற்கே கடலோரம் ஹாரிஸ் நெக் என்ற ஊர். 1930களின் தொடக்கத்தில் லொரென்சோ டோ டர்னர் என்ற கறுப்பின மொழியியலாளர் அங்கே அமீலியா டாலி என்ற பெண் பாடிய ஒரு சின்னப் பாட்டைப் பதிவு செய்தார். அர்த்தம் பாடியவருக்கே தெரியாது. மேற்கு ஆப்பிரிக்காவிலுள்ள சியரா லியோனைச் சேர்ந்த மாணவர் ஒருவர் அது அங்கே பேசப்படும் மெண்டே மொழி என்று அடையாளம் சொன்னார். அமீலியா அதைத் தன் மகள் மேரி மோரனுக்கு விளையாட்டுப் பாட்டாகச் சொல்லிக் கொடுத்திருந்தார். 1990களில் ஆய்வாளர்கள் அந்த ஒலிப்பதிவைத் தூக்கிக்கொண்டு சியரா லியோனில் ஊர் ஊராகப் போட்டுக் காட்டினார்கள். செனெஹுன் ங்கோலா என்ற சிற்றூரில் பைண்டு ஜபாட்டி என்ற பெண் கேட்டதும் கூடவே பாடினார். அவருக்கு அதைச் சொல்லிக் கொடுத்தது அவருடைய பாட்டி. இழவுச் சடங்கில் பெண்கள் கல்லறையருகே பாடுவது. குழி இன்னும் முடியவில்லை, போனவரின் மனம் அமைதி அடையட்டும் என்ற பொருள். இந்தப் பாட்டைப் பாடிக்கொண்டு யாராவது வந்தால் அவர்கள் நம் சொந்தம் என்று பாட்டி சொல்லி வைத்திருந்தாராம். 1997ல் மேரி மோரன் குடும்பத்தோடு அந்த ஊருக்கே போய் இறங்கினார். இரண்டு கரையிலும் பாட்டைக் காப்பாற்றியது பெண்கள்தான், இரண்டு நூற்றாண்டு ஒருவருக்கொருவர் தெரியாமல். இன்னொன்று, ஹாரிஸ் நெக் நிலத்தை 1942ல் இராணுவ விமானத்தளத்துக்கு என்று அரசாங்கம் எடுத்துக்கொண்டது. அந்தக் குடும்பங்களுக்கு அது திரும்பவில்லை. அமெரிக்க மத்திய வங்கியின் 2022 கணக்கில் வெள்ளைக் குடும்பத்தின் இடைநிலைச் சொத்து 2,85,000 டாலர், கறுப்பினக் குடும்பத்தினுடையது 44,900 டாலர். நிலமும் வீடும் கைமாறுவது திரும்பத் திரும்பத் தடுக்கப்பட்டது என்பதை மறந்துவிட்டு அன்பையும் பாட்டையும் மட்டும் வியந்து பேசினால் அது அரைகுறைப் பேச்சு.

நம்பிக்கை குறைவான விஷயங்களையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இணையத்தில் இவைதான் அதிகம் சுற்றுகின்றன. ஒட்டுத்துணிப் போர்வைகளில் தப்பியோடுவதற்கான ரகசிய வழி தைக்கப்பட்டிருந்தது என்ற கதைக்கு அந்தக் காலத்து ஆவணச் சான்று எதையும் வரலாற்றாசிரியர்கள் கண்டதில்லை. போர்வையின் உண்மைக் கதையே போதும். அலபாமாவில் ஜீஸ் பெண்ட் என்ற ஊரில் மிசோரி பெட்வே என்பவர், 1942ல் கணவர் இறந்ததும் அவருடைய வேலை உடுப்புகளை வெட்டி ஒரு போர்வை தைத்தார். முழங்கால் தேய்ந்து வெளுத்த இடம் அப்படியே தெரியும். அவரை நினைத்துக்கொள்ளவும் அன்புக்காக அதற்குள் போர்த்திப் படுக்கவும் என்று அம்மா சொன்னதாக, கூட இருந்து வெட்டிக் கொடுத்த மகள் பின்னாளில் சொன்னார். அப்புறம், அடிமைக் காலத் துயரம் மரபணு வழியாக இன்றைய பிள்ளைக்கு இறங்குகிறது என்ற பேச்சு. மனிதர்களிடம் நடந்த ஆய்வுகள் டச்சுப் பஞ்சம், யூத இனப்படுகொலை போன்றவற்றைப் பற்றியவை, அவற்றிலும் கேள்விகள் பாக்கி. இவர்கள் விஷயத்தில் நேரான சான்று இல்லை. பிள்ளையை அடிப்பது சாட்டையிலிருந்து வந்த வழக்கம் என்று சிலர் வாதிடுகிறார்கள்; அதே தெற்கில் வெள்ளைக்காரர்களும் வேதாகமத்தைக் காட்டிப் பிள்ளையை அடித்தார்கள் என்று மறுப்பவர்களும் உண்டு. வேர் எதுவானாலும், அடி பிள்ளைக்கு நன்மை செய்வதில்லை என்பதில் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2018ல் தெளிவாகப் பேசிவிட்டது. எங்களிடம் வரும் இளம் தாய்மார் பலர் பாட்டியின் பிரம்பை விட்டுவிட்டு அவள் சொன்ன பெயர்களை மட்டும் வைத்துக்கொள்கிறார்கள். அது அவர்களுடைய தேர்வு, எனக்கு அதில் மிகுந்த மரியாதை உண்டு.

போன மார்கழிக்கு முன்னால் ஒரு மூதாட்டி பேத்தியோடு வந்தார். கையில் பழைய பிஸ்கட் டின். உள்ளே இறுதிச் சடங்கில் கொடுக்கும் மடிப்புத்தாள்கள், நாற்பதுக்கும் மேல். அந்தச் சமூகத்தில் ஒருவர் இறந்தால் படம் போட்டு, பெற்றோர் யார், எங்கே பிறந்தார், யார் யாரை விட்டுச் சென்றார் என்று அச்சடித்துக் கொடுப்பார்கள். எங்களுக்கு அதைவிடப் பெரிய ஆவணம் கிடையாது. பத்து வயதுப் பேத்தி ஒவ்வொன்றாக எடுத்து வாசிக்க, நான் கணினியில் ஏற்றினேன். மதியம் தாண்டி, 1870 கணக்கெடுப்பில் அவர்களுடைய குடும்பம் அகப்பட்டது. பத்து வயது, பெண், பெயர் ஹேன்னா. மூதாட்டி திரையைப் பார்க்கவில்லை. பேத்தியைப் பார்த்து, "சத்தமா வாசி" என்றார். அவள் வாசித்தாள். "மறுபடியும்" என்றார். மூன்றாம் தடவை வாசித்த பிறகு, பையிலிருந்து ஒரு பேனாவை எடுத்து அவள் கையில் கொடுத்து, டின்னின் மூடிக்கு உள்பக்கம் அந்தப் பெயரை எழுதச் சொன்னார். அங்கே ஏற்கெனவே ஏழெட்டுப் பெயர்கள் இருந்தன, வெவ்வேறு கையெழுத்தில்.